சாஸ்திரிகள் பெயரில் ஒரு பதில்

அன்பான அப்பாவுக்கு, மந்தைவெளியிலிருந்து காமாட்சியின் நமஸ்காரம்.

நீங்கள் போன பிறகு இன்டர்நெட் என்று ஒன்று வந்திருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது நான் அந்த இன்டர்நெட்டுக்கு எழுதித்தான் வீடு நடக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் விரதம், திதி, தீட்டு என்று சந்தேகம் கேட்டு அனுப்புவார்கள். தி.நகர் ஆபீஸில் அவற்றை அச்செடுத்துத் தருவார்கள். நான் காகிதத்தில் பதில் எழுதிக் கொடுப்பேன், அங்கே டைப் அடித்துப் போடுவார்கள். என் நோட்டுக் கணக்குப்படி இதுவரை நூற்றுப்பன்னிரண்டு பதில்கள். அத்தனைக்கும் அடியில் ஒரு சாஸ்திரிகளின் பெயர். அப்படி ஒருவர் கிடையாது.

என் பெயரைப் போடக்கூடாதா என்று கேட்டேன். "லேடீஸ் பேர் போட்டா யாரும் நம்ப மாட்டாங்க மேடம்" என்றார் மேனேஜர். நீங்களே பேசுகிற மாதிரி இருந்தது.

தம்பி ரகுவை எதிரே உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். சமையலறையில் அரிசி களைந்தபடி கேட்டுக் கற்றவள் நான். அவன் தடுமாறிய வரியை ஒருநாள் எடுத்துக் கொடுத்தேன். என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "நோக்கெதுக்குடி இதெல்லாம்? உள்ள போ."

போன மாதம் வந்த காகிதங்களில் ஒன்று, இப்போது அமெரிக்காவில் இருக்கிற ரகு எழுதியது. அப்பா இறந்த இங்கிலீஷ் தேதிதான் தெரியும், இத்தனை வருஷமும் அந்தத் தேதியிலேயே சிராத்தம் செய்துவிட்டேன், சரியான திதி எது என்று கேட்டிருந்தான். இத்தனை வருஷமும் உங்களுக்குத் தப்பான நாளில் சோறு வைத்திருக்கிறான் அப்பா. அக்காவுக்கு ஒரு போன் போட ஏன் அவனுக்குத் தோன்றவில்லை?

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. ஐப்பசி மாதம், தேய்பிறை நவமி. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறன்று ரகு போன் செய்தான். "ஒரு சாஸ்திரிகள் சட்டுனு சொல்லிட்டார்க்கா. மகா ஞானஸ்தர். ஒனக்கெல்லாம் இது எங்க தெரியப்போறது?"

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் ஊரெல்லாம் சொல்லுவான், வேலை போகும். ஆமாண்டா என்று வைத்துவிட்டேன்.

சாஸ்திரிகளை நான் விடப்போவதில்லை, சாப்பிட்டாக வேண்டுமே. ஆனால் ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த வருஷம் நவமி என்றைக்கு வருகிறது என்று அவன் மறுபடி எழுதுவான். அப்போது சாஸ்திரிகள் ஒரே வரிதான் பதில் எழுதுவார்: "உங்கள் அக்காவைக் கேளுங்கள்." தனக்கு அக்கா இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று அவன் உட்கார்ந்து யோசிக்கட்டும்.

எள்ளும் தண்ணீரும் விட உரிமையில்லாத,
உங்கள் மூத்த பெண்
காமாட்சி