படுக்க வைக்காதீங்க

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு வகுப்பு. விபத்தில் முகம் அடிபட்டால் என்ன செய்வது. "தாடை உடைஞ்ச கேஸைத் தனியா பார்த்தவங்க யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு கையும் எழவில்லை. என் கையும்தான். பொம்மையில் பழகினோம். பொம்மைக்கு ரத்தம் வராது. மதியம் எலுமிச்சை சாதம். துணி காயவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலை, ஈஜிபுரா சிக்னல் பக்கம். சாப்பாடு டெலிவரி செய்பவர். பைக் பள்ளத்தில் இறங்கி, முகம் தரையில். தாடை தொங்குகிறது. வாய் நிறைய ரத்தம். கூட்டம் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து அமுக்கிப் பிடித்திருந்தது. எழத் திமிறுகிறார்.

"படுக்க வைக்காதீங்க! மூச்சு அடைக்குது. உட்காரட்டும்."

டிரைவர் மஞ்சுநாத் தயங்கினார். "மேடம், கழுத்துல அடி இருந்தா?"

இருந்தால், உட்கார வைப்பதே கை காலை முடக்கிவிடலாம். படுத்தால் ரத்தம் தொண்டைக்குள். உட்கார வைத்தேன். முன்னால் சாய்த்து, தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி. ரத்தம் என் மடியில் கொட்டியது. மூச்சு வந்தது. ஆஸ்பத்திரி வரை அப்படியே.

அங்கே சின்ன வயசு டாக்டர். "உட்கார வெச்சா கூட்டிட்டு வந்தீங்க? கழுத்து போயிருந்தா யார் பொறுப்பு?" அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். கழுத்து என்ன ஆயிற்றென்று கேட்கப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். வீட்டுக்காரர், "ஏன் ஒரு மாதிரி இருக்க?" தூக்கம் என்றேன். மகளுக்கு முகம் கழுவும்போது கை தானாகத் தாடையைத் தாங்கிப் பிடித்தது. "வலிக்குதும்மா." விட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை முடிந்து வார்டுக்குப் போனேன். கழுத்துக்கு ஒன்றுமில்லை என்றார் நர்ஸ். தாடை இரண்டு இடத்தில் உடைவு, தகடு வைத்திருக்கிறார்கள். நிம்மதி வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

அவர் தூக்கத்தில். முகமெல்லாம் வீக்கம், கட்டு. பக்கத்தில் மனைவி, வாணியம்பாடிப் பெண்.

"நீங்கதானா அக்கா கூட்டினு வந்தது?"

போனில் கல்யாணப் படத்தைக் காட்டினாள். "இதான் அக்கா அவரு."

அவ்வளவு தூரம் கையில் பிடித்து வந்த முகம். இப்போதுதான் பார்க்கிறேன். சிரிப்பு. கன்னத்தில் குழி.

"திரும்ப இப்டி ஆயிடுவாரா?"

கட்டிலைப் பார்த்தேன்.

"மூச்சு நல்லா விடுறாரும்மா" என்றேன்.