எலுமிச்சை போடாத மீன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. நாக்குக்கு மட்டும் ருசி திரும்பவில்லை, பதறாதே. நேற்று முதலாளி சமையல்கட்டு ஆட்களையெல்லாம் பெரிய ஹோட்டலுக்கு விருந்துக்குக் கூட்டிப்போனார். வறுத்த மீன், பழரசம், ஐஸ்கிரீம். எல்லோரும் கண்ணை மூடி ரசித்தார்கள்.

"மீன் எப்படி மாஸ்டர்?" என்றார் முதலாளி.

"பிரமாதம். எலுமிச்சைதான் ஒரு சொட்டு கூடிப்போச்சு" என்று அடித்துவிட்டேன்.

பரிமாறியவர் சிரித்தார். "இதுல எலுமிச்சையே போடலையே சார்!"

நானும் சிரித்தேன். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

இங்கே எங்கள் சமையல்கட்டில் நான் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் எதுவும் வெளியே போகும். பத்து நாளாகச் சும்மாவே தலையாட்டுகிறேன். நாளை முதலாளியும் அடுப்பருகே நிற்பாராம்.

நம் வீட்டில் எதற்கு எத்தனை கரண்டி உப்பு என்று அளந்து எழுது. கைப்பக்குவம் என்று எழுதிவிடாதே.

உன் ஊறுகாய் நாக்கிலேயே நிற்கிறது என்று போன வாரம் எழுதியது பொய். வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள், போகிறேன். உப்பில்லை என்று உன்னோடு மல்லுக்கு நின்ற வாய் இது. ஊருக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், இனி எது போட்டாலும் பேசாமல் தின்பேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்