மாப்பிள்ளை பக்கம் கனம்

அக்டோபர் 17, 2006, செவ்வாய்

இதை வெளியே சொல்ல முடியாது, இங்கேதான் எழுதுகிறேன். இரண்டு வாரமாக எங்கள் குச்செவோ ஊரில் இருக்கிற டிவிடி ஓட்டும் பெட்டிகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். படம் வரவில்லை என்று என் கல்யாண வீடியோ கடைக்கு வந்த மூன்று பேரை, "உங்க பெட்டிதான் கெட்டுப்போச்சு, என் வேலையில குத்தமே இருக்காது" என்று திருப்பி அனுப்பினேன். அதில் ஒருவர் என் பேச்சை நம்பிச் சந்தையில் புதுப் பெட்டியே வாங்கிவிட்டார்.

இன்று காலை நான் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடி ஒன்றை, அதை எழுதிய அதே கம்ப்யூட்டர் ரைட்டரில் போட்டுப் பார்த்தேன். உர்ரென்று சுற்றியது. யோசித்தது. "டிவிடியைச் செருகவும்" என்றது.

உள்ளேதான் இருக்கிறது! நீதான் எழுதினாய்! பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறதே, இது என்ன பிறவி?

புதுப் பெட்டி வாங்கியவருக்கு ஒரு ஜாடி மிளகாய் ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். காரணம் சொல்லவில்லை.

அக்டோபர் 18

ஸ்தானா வந்தாள். பின்தெருக்காரி, என் வயதுதான். கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே மிலுங்கா, என் பொண்ணு எங்கடி?"

"கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டியே, மறந்துட்டியா?"

"சிரிக்காத. நீ குடுத்த டிவிடில ஒண்ணுமே இல்ல. வியன்னாவுக்கு அனுப்பினதுலயும் ஒண்ணுமில்லையாம். அவரு ஃபோன்ல அழாத குறை."

அவர் என்றால் போரிவோய், அவள் புருஷன். வியன்னாவில் கட்டட வேலை. ஆகஸ்டில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. செப்டம்பரில் யகோதாவின் கல்யாணம். ஒரே மகள். மாவுக்கட்டோடு படுத்திருந்தவரால் வர முடியவில்லை. நவம்பர் எட்டு அவர்கள் வீட்டுப் புனிதர் திருநாள். வருகிற கூட்டத்துக்கெல்லாம் மகள் கல்யாணத்தைப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"அந்த ஆப்பிளை மாப்பிள்ளை எத்தனாவது குண்டுல சுட்டான்னு பாக்கணும்னு துடிக்கிறாரு. முதல் குண்டுலன்னு சம்பந்தி வீட்ல சொல்லியிருக்காங்க. இவரு நம்பல."

பெண் வீட்டு வாசலில் கம்பத்து நுனியில் கட்டிய ஆப்பிளைச் சுட்டு வீழ்த்தினால்தான் மாப்பிள்ளைக்கு உள்ளே வழி. நான் அங்கேதான் நின்றேன். முதல் குண்டு என்பது பொய். எத்தனை என்று எனக்கும் நினைவில்லை.

"இன்னொண்ணு எழுதித் தரேன் போ" என்றேன். அவள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. எதிலிருந்து எழுதுவது? கேமரா கேசட்டில் அதற்கு மேல் இரண்டு கல்யாணம் பிடித்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அழித்துவிட்டேன். யகோதாவின் கல்யாணம் இந்த உலகத்தில் மூன்று டிவிடியில்தான் இருக்கிறது. மூன்றையும் எந்தப் பெட்டியும் படிக்காது.

அக்டோபர் 19

நாள் முழுக்க ரைட்டர் முன்னால்தான். "எட்டாவது கூட முடிக்கல, கம்ப்யூட்டரோட மல்லுக்கு நிக்கிறா" என்று வுகாஷின் சிரித்தார். அவர் என் புருஷன். நான் கேமரா பிடித்தால் அவர் விளக்குப் பிடிப்பார். இருபது வருடமாக விளக்குப் பிடித்தும் எதுவும் விளங்கவில்லை அவருக்கு என்று சொன்னேன்.

விடப்போவதில்லை. நவம்பர் ஐந்து ஞாயிறு பஸ்ஸில் அந்தக் கல்யாணம் வியன்னா போகும்.

அக்டோபர் 20

கோய்கோ வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். தன் பையிலிருந்த சினிமா டிவிடியைப் போட்டான். ரைட்டர் கிளியாய்ப் பேசியது. என்னுடையதைப் போட்டான். ஊமை.

"படிக்கிற கண்ணு நல்லாத்தான் இருக்கு அக்கா. எழுதும்போதுதான் தப்பா எழுதுது. லேசருக்கு வயசாயிடுச்சு."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. நான் தப்பாவா எழுதுறேன்?"

"உங்க கையெழுத்தைப் பாத்திருக்கேன் அக்கா."

வாயாடி. காபி கொடுத்து அனுப்பினேன். புதிது வாங்கு என்கிறான். புதிது வாங்கினால் இனி எழுதுவது சரியாக வரும். எழுதியது என்ன ஆகும்?

அக்டோபர் 21

தூசியாக இருக்கலாம் என்று நானே ரைட்டரைத் திறந்து, உள்ளே இருக்கிற குட்டிக் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தேன். பிளம் சாராயத்தில் நனைத்துத்தான். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் அதுதானே மருந்து. ஆனால் கையில் கிடைத்த போத்தல் வுகாஷின் தேன் கலந்து வைத்திருந்ததாம்.

இப்போது கோய்கோவின் சினிமாவும் ஓடவில்லை.

அக்டோபர் 22

கோய்கோ மறுபடி வந்து சுத்தம் செய்தான். "குடிச்சிருக்குது அக்கா இது" என்றான். மூக்கை வைத்து மோந்தான். சினிமா ஓடுகிறது. என்னுடையது இல்லை. பழைய நிலைக்கு வந்தாயிற்று.

அக்டோபர் 24

எழுது, எழுது!

காலையில் சலவை இயந்திரத்தில் கம்பளிப் போர்வையைப் போட்டேன். பிழிகிற நேரத்தில் போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. இயந்திரம் தடதடவென்று ஆடி, சுவரை விட்டுக் கிளம்பி, வாசல்வரை நடந்துபோனது. காலால் தடுத்துக்கொண்டு நின்றேனா, அப்போது உறைத்தது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். டிவிடி போட்டால் கம்ப்யூட்டர் பெட்டியும் இப்படித்தான் ஆடுகிறது. மேலே வைத்த காபிக் கோப்பை நகர்ந்துவிடும். ஆனால் கோய்கோவின் சினிமாவுக்கு ஆடவே இல்லையே?

என் டிவிடிக்கும் அவன் டிவிடிக்கும் என்ன வித்தியாசம்? என்னுடையதில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள்!

இந்த ஊரில் கல்யாண டிவிடியைக் காபிக் கோப்பைகளுக்கு நடுவே, கண்ணாடி அலமாரியில், முகம் தெரிய நிறுத்தி வைப்பார்கள். மேலே போட்டோ ஒட்டாத டிவிடியைக் கொடுத்தால் பாதி வேலைதான் செய்தாய் என்பார்கள். முன்பெல்லாம் மெல்லிய தாளில் அச்சடித்து ஒட்டினேன். இந்த செப்டம்பரிலிருந்து நிஜ போட்டோவையே, சாஸரை வைத்து வட்டமாக வெட்டி, தச்சர் வெள்ளைப் பசையால் ஒட்டுகிறேன். எழுதி முடித்து நூறு சதம் என்று திரையில் வந்ததும் சூட்டோடு பசை தடவிவிடுவேன். ஒட்டிய பிறகு போட்டுப் பார்த்ததே இல்லை.

சோதித்தேன். பக்கத்துத் தெரு ஞானஸ்நானத்தை எழுதினேன். போட்டேன், ஓடியது. போட்டோ ஒட்டி, காய வைத்து, போட்டேன். "டிவிடியைச் செருகவும்."

வுகாஷினைக் கூப்பிட்டுக் காட்டினேன். யகோதாவின் டிவிடியை விரல் நுனியில் வைத்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்று முறை வைத்தும் அதே பக்கம்.

"மாப்பிள்ளை பக்கம் கனம்" என்றார் வுகாஷின். நூற்றுப் பத்து கிலோ மாப்பிள்ளை. இருபது வருடத்தில் அவர் சொன்ன முதல் நல்ல நகைச்சுவை. அப்படியே நோட்டில் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 25

எழுதியதில் குற்றமில்லை என்றால் உள்ளே கல்யாணம் பத்திரமாக இருக்கிறது. படத்தை எடுத்தால் போதும்.

ஸ்தானாவின் டிவிடியில் கத்தியைக் கொடுத்து நெம்பினேன். போட்டோ வந்தது. கூடவே டிவிடியின் பாதி முதுகும் வந்தது. அவசரக் கை. என்னையே அறைய வேண்டும்.

அக்டோபர் 26

சம்பந்தி வீட்டுக்குப் போய் இரண்டாவது டிவிடியைக் கேட்டேன். தோட்டத்தைக் காட்டினார்கள். ஓடவில்லை என்பதால் திராட்சைக் கொடியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்களாம், குருவி விரட்ட.

"வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"ஒரு குருவி கிட்ட வரல அக்கா. உங்க டிவிடி அருமை."

வெயிலிலும் காற்றிலும் கீறிக் கீறித் தகரம் மாதிரி ஆகியிருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அது வியன்னாவில்.

அக்டோபர் 27

ஸ்தானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டில் வேறு கல்யாணம் பிடித்ததையும். கத்தியையும். திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த ஒண்ணுதானா?"

"அந்த ஒண்ணுதான்."

"அவரு அதைத் தலையணைக்கு அடியில வெச்சிருக்காரு. ஓடலன்னாலும்."

ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவரைக் கூப்பிட்டாள். வியன்னாவிலிருந்து நாளை புறப்படுகிற பஸ்ஸின் டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

பஸ் வந்தது. டிரைவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு காலுறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார் போரிவோய்.

இந்த முறை கத்தி இல்லை. கோய்கோவைக் கேட்டேன். டிவிடிக்கு எழுத்து நடுவயிற்றில்தான் இருக்கும், மேலே நனைந்தால் ஒன்றும் ஆகாது என்றான். வெதுவெதுப்பான தண்ணீரில், அகலமான சட்டியில், போட்டோ மேலே இருக்கும்படி மூழ்கவிட்டேன்.

அக்டோபர் 30

மாப்பிள்ளை முதலில் கழன்றார். யகோதா விடவில்லை. தண்ணீரை மாற்றினேன். மத்தியானத்துக்கு மேல் அவளும் வந்துவிட்டாள். பசையை விரலால் தேய்த்தே எடுத்தேன். நகம் படாமல், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

போட்டேன். உர்ர். "டிவிடியைச் செருகவும்."

மேஜைமேல் வைத்துக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பசை காயும்போது இழுத்து வளைத்திருக்கிறது. ஓரம் தட்டு மாதிரி மேலே நிற்கிறது.

அக்டோபர் 31

முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைத் திறந்து, மேலே வைத்திருந்த கல்லை எடுத்துக் கழுவினேன். இரண்டு பலகைக்கு நடுவில் துணி சுற்றிய டிவிடி, அதன்மேல் கல்.

"கோஸ் மிதக்குமே" என்றார் வுகாஷின்.

"மிதக்கட்டும். மூணு நாள் நீங்க வந்து அழுத்திப் பிடிச்சுக்கங்க."

நவம்பர் 1

கல்லைத் தொடவில்லை. பத்து முறை போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 3

எடுத்தேன். போட்டேன். சுற்றியது. நின்றது. சுற்றியது.

வந்துவிட்டது.

கம்பம், ஆப்பிள், துப்பாக்கியோடு மாப்பிள்ளை. கடையில் தனியாக நின்று கத்தினேன். பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் ஓடி வந்து என்ன திருடனா என்றார்.

இடையிடையே படம் உறைந்தது. கோய்கோ வந்து மிக மெதுவாகச் சுற்றும்படி மாற்றிவிட்டுப் போனான். இரண்டு மணி நேரக் கல்யாணத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க ஐந்து மணி நேரம். நகரவே இல்லை நான். படம் விட்டுப்போகிற இடத்தில் எல்லாம் திரும்ப ஓட்டி, திரும்ப ஓட்டி. யகோதா வாசலைத் தாண்டும் முன் கேமராவைப் பார்த்து, "அப்பா, வரேன்ப்பா" என்கிற இடத்தில் படம் ஒரு பொட்டுக் குறை இல்லாமல் வந்திருக்கிறது.

நவம்பர் 4

நான்கு பிரதி எழுதினேன். நான்கையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் போட்டோ இல்லை. பேனாவால் பெயர் மட்டும். அலமாரியில் வைக்கப் போட்டோவைத் தனியாகச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ஸ்தானாவே பஸ்ஸில் எடுத்துப் போகிறாள், திருநாளுக்குச் சமைக்கவும் ஆள் வேண்டுமே. ஏறும்போது என் கன்னத்தில் மூன்று முத்தம். "உன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்டி" என்றாள். கண் துடைத்தேன். டீசல் புகை.

நவம்பர் 9, வியாழன்

போரிவோய் ஃபோன் செய்தார்.

"பதினொண்ணு" என்றார் எடுத்த எடுப்பில். "பதினொண்ணாவது குண்டுலதான் ஆப்பிள் விழுந்துச்சு. நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்."

நேற்று மூன்று முறை போட்டார்களாம். முதல் முறை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, மகள் "அப்பா" என்றதும் கண் மறைத்துவிட்டது, அதனால்தான் இன்னும் இரண்டு முறை என்றார். வியன்னா அழைப்பு, நிமிடத்துக்குக் காசு. இருந்தும் அந்த இடத்தை எனக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

பிறகு ஸ்தானா வாங்கிப் பேசினாள். படம் நல்ல தெளிவு என்றாள். சத்தமும் நல்ல தெளிவு என்றாள்.

நான் படத்தைத்தான் சோதித்தேன். கடையில் ஒலிபெருக்கி இல்லை.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஸ்தானா புதுப் பச்சைக் கவுனில் ஆடிக்கொண்டே வருகிறாள். அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், பந்தல் துணியில் மிச்சம் வந்ததில் தைத்திருக்கிறாள், கம்பத்தை உருவாமலே தைத்துவிட்டாளோ என்று தன் புருஷனைக் கேட்கிறதாம். புருஷன் சிரிக்கிறாராம். விருந்துக்கு வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். மூன்று முறை.

ஸ்தானா திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். இந்தத் திங்கட்கிழமை மட்டும் கடை விடுமுறை.