உடுப்புக்கு மேலே பெல்ட்

1997 மார்ச் 4, வெள்ளவத்தை

இன்றும் சுவரைப் பிடித்துத்தான் குசினிக்குப் போனேன். ஏழாம் மாதம். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு மூட்டு கழன்று கையில் வந்துவிடும் போல. "எல்லாருக்கும் உப்பிடித்தான்" என்கிறா மாமி, தன் இடுப்பையும் தடவியபடி.

என்னவர் நாகேந்திரம் தமக்கையைப் பார்க்க யாழ்ப்பாணம் போனவர், திரும்பிவர ஆமி பாஸ் கிடைக்காமல் ஐந்து மாதம் அங்கேயே. இப்போது கிடைத்துவிட்டதாம். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, ரயிலில் 15ஆம் தேதி கொழும்பு கோட்டை ஸ்டேசனில் இறங்குகிறார். பிளாட்போமில் நிற்பேன் என்று எழுதிவிட்டேன், பெரிய கெட்டிக்காரி.

மார்ச் 6

கொட்டாஞ்சேனையில் பிசியோதெரபி மிஸ் ஐறீன். அகலமான பெல்ட் ஒன்றை வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் சுற்றி இறுக்கினா. "மூட்டு தளர்ந்துபோச்சு. அதை இழுத்துப் பிடிக்க உங்கட தசை இரவு பகலாப் பாடுபடுது. பெல்ட் பிடிச்சா தசைக்கு லீவு."

எழும்பி நடந்தேன். இடுப்பு நோ பாதிகூட இல்லை. மிஸ்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "நடக்கேக்க மட்டும் போடுங்கோ. எந்த நேரமும் லீவு குடுத்தா தசை பிறகு வேலைக்கு வராது" என்று சொல்லி இரவலாகத் தந்தா.

மார்ச் 7

மாமி கண்டுவிட்டா. "பிள்ளை பிறக்க முதலே வயிறு கட்டுறதோ?"

பிள்ளை பெற்றபின் துணியால் வயிறு கட்டுவார்களே, அதென்று நினைத்துவிட்டா. பிள்ளை நசிந்துபோகுமாம். வயிற்றிலே இல்லை மாமி, கீழே என்று எவ்வளவு சொன்னேன். பெல்ட் இப்போது அவவின் அலுமாரிக்குள். எனக்கென்ன, ஆசைக்கா கட்டினனான்? அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 9

கெஞ்சி வாங்கி, அவவுக்கு முன்னாலேயே கட்டினேன். அவவின் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். உள்ளே இருக்கிறவர் விட்டார் ஒரு உதை.

"நசிஞ்ச பிள்ளை இப்பிடி உதைக்குமோ மாமி?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனா. ஆனால் பெல்ட் திரும்ப அலுமாரிக்குப் போகவில்லை.

மார்ச் 14

மாமிக்கு இன்னொரு பயம். "செக்பொயின்ற்றிலை தடவிப் பார்ப்பினமெல்லே. தமிழ்ப் பொம்பிளை, சட்டைக்குள்ளை பெல்ட். குண்டு கட்டியிருக்கெண்டெல்லே நினைப்பாங்கள்."

என் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பெல்ட் இல்லாமல் நடக்க முடியாது. பெல்ட்டோடு போனால் வீடு திரும்புவேனோ?

"ஒளிச்சாத்தானே மாமி சந்தேகம். வெளியிலை கட்டினா?" என்றேன்.

மாமி தலையில் கைவைத்தா.

மார்ச் 15

மஞ்சள் சட்டை, அதற்கு மேலே பெல்ட். காலிக்குப் போகும் பெருவீதி முழுக்க என்னைத்தான் பார்த்தது.

செக்பொயின்ற்றில் ஆமிக்காரப் பெண், "மேக்க மொக்கத?" என்றாள். இது என்னவாம். கழற்றிக் கையில் கொடுத்தேன். என் அரைகுறைச் சிங்களம் போதவில்லை. பெல்ட் இல்லாமல் வாத்து மாதிரி நடந்து காட்டினேன். திரும்பக் கட்டி நிமிர்ந்து நடந்து காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாள் முழுக்க நின்று தனக்கும் இடுப்பு நோகிறதாம், எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

கோட்டை ஸ்டேசனில் ரயில் வந்தது. அவர் மெலிந்து கறுத்து இறங்கினார், கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் கூப்பிடவில்லை. நடந்தேன். சுவர் இல்லாமல், ஒருவரையும் பிடிக்காமல், பிளாட்போம் நீளத்துக்கு.

பெல்ட்டைப் பார்த்தார். "பொலிசிலை சேர்ந்திட்டீரோ?" என்றார். அதற்குமேல் கதைக்க முடியாமல் அழுதார். நானும்தான்.

மே 21

மகள் நித்திரை. இடுப்பு நோ போய்விட்டது. பெல்ட்டை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று தேடினால், காணவில்லை.

நாகேந்திரம் பல்கனியிலிருந்து கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். மாமி மார்க்கெற்றுக்குப் போகிறா, விறுக்கு விறுக்கென்று. சீலைக்கு மேலே பெல்ட்.