நாற்காலியில் உறங்கும் அப்பாவுக்கு

அன்பான அப்பாவுக்கு ஜித்தின் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீங்களும் சுகம்னு எழுத மனசு வரல்ல. காரணம் கீழே இருக்கு.

டாக்டரா வந்து சேர்ந்த இந்த நாக்பூர் ஆஸ்பத்திரியே அருவருப்பாயிட்டு. நேற்று எமர்ஜென்சிக்கு மூச்சுத்திணறலோட ஒரு டீச்சர் வந்தாங்க. பெரிய டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காம, "ஆஸ்துமா, நெபுலைசர் வை"ன்னார். புதுசா வந்த ஸ்கேன் மெஷினை வச்சுப் பார்க்கலாமான்னு கேட்டேன்.

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷன். மெஷினை அழுக்காக்காதே."

எனக்குத் துப்பணும் போல இருந்தது. மெஷினோட பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சு, டீச்சர் நெஞ்சில் வச்சுப் பார்த்தேன். நுரையீரல் முழுக்க நீர். இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாம திணறுது. ஆஸ்துமாவே இல்ல. மருந்தை மாத்தினதும் டீச்சர் பிழைச்சாங்க. பெரிய டாக்டருக்கு உறை கிழிஞ்சதாக்கும் வருத்தம்!

நீங்களும் படுக்க முடியாம நாற்காலியில்தான் உறங்குறீங்கன்னு அம்மை சொல்லித் தெரியும். தூசி, வீஸிங்னு இன்ஹேலர் பஃப் அடிச்சது போதும். தங்கச்சி சுமியோட காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இதய ஸ்கேன் எடுங்க. படத்தை அவ எனக்கு அனுப்பட்டும்.

நம்ம ஊர் சஜு அண்ணன் இங்கே வரும்போது உப்பிலிட்ட மாங்கா கொடுத்துவிடுங்க. தனியா உண்ணும்போ சோறு இறங்கல்ல.

டியூட்டிக்கு விளிக்கிறாங்க. ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க அப்பா. போனில் "மக்கா"ன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்குறது இங்கே கேக்குது.

ஜித்தின்