குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் வந்த அக்காவுக்கு

என் தலையைப் பின்னி முடித்ததும் பிடரியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவாயே, அந்தக் கைக்குச் சொந்தக்காரியான என் செண்பகக்கா,

உன் பதினாறாம் நாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். உன்னை மெச்சவும் மெச்சினார்கள். "மவராசி, வருசா வருசம் குத்தாலத்துல சீசன் இருந்துட்டு வந்தவ. குடுத்து வச்சவ" என்றாள் உன் நாத்தனார். பாயசத்தை இலையோடு தூக்கி அவள் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அடக்கியதை இன்றைக்கு எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

நீ குடுத்து வைத்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்! சாரல் விழத் தொடங்கியதும் சுரண்டையிலிருந்து அத்தான் வீட்டார் வில்வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பின்னால் பாரவண்டியில் அரிசி, பருப்பு, அண்டா, அம்மிக்குழவி. ஆற்றங்கரைத் தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு பட்சம் தங்கல். தோப்புக்காரர், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம் கொடுப்பார். கள் குடிக்கிறவன், சீட்டாடுகிறவன், நாடகக்காரன் எவனும் உள்ளே வர முடியாது. "பொம்பளையாளுவ பயமில்லாம இருக்கலாம், பாத்துக்கிடுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அது உண்மைதான். நீயும் பயமில்லாமல்தான் இருந்தாய். அடுப்பை விட்டு எழுந்திருக்காதவளுக்கு எங்கிருந்து பயம் வரும்?

அந்த வீட்டில் ஒரு சட்டம். ஆண்பிள்ளைகள் குளித்துச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் அருவிக்குப் போக வேண்டும். கேட்பதற்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. ஆனால் அருவியில் நின்று வந்தவனுக்கு வயிறு எப்படிப் பசிக்கும் என்று தென்காசிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலையில் பெரிய அருவிக்குப் போவார்கள். வந்து உளுந்தஞ்சோற்றை ஒரு பிடி பிடிப்பார்கள். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு ஐந்தருவிக்குப் போவார்கள். மறுபடி பசியோடு வருவார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருப்பதே இல்லை அக்கா. அப்புறம் உன் முறை எப்போது வரும்?

"ஒரு நாளாவது அருவியில நின்னியாக்கா?" என்று நான் கேட்டபோது நீ சிரித்தாய். "சத்தம் கேட்டுக்கிட்டேதானட்டி இருக்கேன். அதுவும் குளிச்ச மாதிரித்தான்" என்றாய். குளித்த மாதிரியாம்! அந்தச் சிரிப்பை நினைத்தால் அவர்கள் மேல் வருவதைவிட உன்மேல்தான் அதிகம் ஆத்திரம் வருகிறது.

சாரலில் நனைந்த விறகு எரியுமா? புகையத்தான் செய்யும். மூன்று பக்கமும் ஓலையால் அடைத்த அடுப்படியில் அந்தப் புகையைக் குடித்துக் குடித்துத்தான் உனக்கு இருமல் வந்தது. போன வருஷம் போகும்போதே உன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. "அருவித் தண்ணி தலையில பட்டா எல்லாம் ஓடிப்போவும்" என்று உன் மாமியார் வண்டியில் ஏற்றினாள். வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம்! கொட்டகைக்குப் போனதும் உன் கையில் ஊதுகுழலைக் கொடுத்தார்கள். ஆவணியில் காய்ச்சலோடு நம் வீட்டுக்கு வந்தாய். புரட்டாசி முடிவதற்குள் நீ இல்லை. தென்காசி டாக்டர் உன் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாரே, அப்போது நீயும் புரிந்துகொண்டாய் அல்லவா?

அதற்கு முந்திய பொங்கலிலேயே நான் சொன்னேன், இங்கேயே இருந்துவிடு என்று. அப்பாவும் சரி என்றுதான் சொன்னார். நீதான் கேட்கவில்லை. "கோமுவத் தர மாட்டாவட்டி. அது அவுக வீட்டுப் பிள்ளை. பிள்ளைய விட்டுட்டு நான் எப்படி இங்கன வந்து இருப்பேன்?" என்றாய். பெற்றவளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வா என்று யார் சொல்வது?

இந்த ஆடியிலும் அவர்கள் குற்றாலம் போனார்கள். நீ செத்து வருஷம் திரும்பவில்லை. கேட்டதற்கு, "குளிக்கதுக்கு என்ன தீட்டு?" என்றாளாம் அத்தை, உன் மாமியார். கோமு சித்தியைக் கேட்கிறாள் என்று சொல்லி நம் வீட்டுக்கு வண்டி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்து, இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு போனேன். பிள்ளை முகத்தைப் பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை.

போய்ப் பார்த்தால், அடுப்புக்கு முன்னால் உன் பலகையில் கோமு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை. கன்னம் இரண்டும் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை அக்கா. அடுப்பு அணைந்துவிடுமாம்.

"ஏட்டி, குளிச்சியா?" என்று கேட்டேன்.

"அப்பா, சித்தப்பா எல்லாரும் சாப்ட்ட பொறவு சித்தி."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இருமினாள். அது உன் இருமல் அக்கா.

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். வந்தவள் அகப்பையை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ கொஞ்சம் பாரு உலகு. நீயும் செண்பகம் மாதிரியே அடக்கமான பிள்ளை. வருசம் திரும்பட்டும், எங்க வீட்டுக்கே வந்துரு. அக்கா பிள்ளைக்கு நீதான தாயி?" என்றாள். கல்யாணம் பேசியாகிவிட்டது! உனக்கு வெட்டிய குழி இன்னும் மட்டமாகவில்லை. அதற்குள் உன் இடத்துக்கு ஆள் பார்த்துவிட்டார்கள், அதுவும் உன் கூடப்பிறந்தவளையே.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெற்றிலையை மடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்கூட்டியே தெரியும். தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டபோது அழுதாள். "செவ்வா தோசக்காரிக்கு நான் எங்கன போயி மாப்பிள்ளை தேட? ஒனக்கும் வயசு ஏறுது. நீ வரலேன்னா இந்தப் பிள்ளை அந்த அடுப்புலதான் கெடந்து வேவும். அதுக்காகவாவது சரின்னு சொல்லு" என்றாள்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. நான் சரி என்றால் நீ ஆவேன். மாட்டேன் என்றால் கோமு நீ ஆவாள். இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே, நியாயமா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? உலைப் பானையை இறக்கிக் கீழே வைத்தேன். எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டேன். ஆண்பிள்ளைகளுக்கென்று காய்ச்சி வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக் கோமுவின் தலையில் உள்ளங்கை நிறைய வைத்துத் தேய்த்தேன். "இது அப்பாவுக்கு உள்ளது சித்தி" என்று நடுங்கினாள். "பேசாம வாட்டி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அருவிக்குப் போனேன். அத்தை பின்னால் நின்று கத்தியதை ஊரே திரும்பிப் பார்த்தது.

நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தண்ணீர் தலையில் விழுந்ததும் கோமு வீரிட்டாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் வெளியே வரவே மாட்டேன் என்றாள். நான் அருவிக்குள் நின்று அத்தான் வீட்டார் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடக் கேட்காது, அது ஒரு சௌகரியம். உன்னையும் ஏசினேன். அழுதேன். அழுததும் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வழியெல்லாம் மனசுக்குள் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது, பஞ்சாயத்து வைத்தால் அப்பா யாரைக் கூட்டி வருவார் என்றுகூட யோசித்துவிட்டேன். கொட்டகையில் எல்லோரும் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மிச்சமிருந்த பழையதைப் பிழிந்து வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் தலை துவட்டிய துண்டோடு தின்றுகொண்டிருந்தார்.

நான் ஈரச் சேலையோடு நின்று சொன்னேன். "அத்தான், ஒங்களுக்கு வாழ்க்கைப்பட எனக்குச் சம்மதம் இல்ல. கோமுவ நான் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க பள்ளிக்கூடத்துல சேத்துப் படிக்க வைக்கப் போறேன். இனிமே அவ எங்க வீட்டுலதான் இருப்பா."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கூட்டிட்டுப் போயேன். பொட்டப்பிள்ளதான, யாரு வேண்டாம்னா?" என்றார். பிறகு தன் அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் மோரு ஊத்து" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அவ்வளவேதான். ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்ச் சோற்றுக்கும் நடுவில் உன் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். அத்தைக்குத்தான் அடுப்பூத ஆள் போகிறதே என்று முகம் சுண்டியது. அவளும் மகனை மீறி ஒன்றும் சொல்லவில்லை. ஒத்திகை பார்த்த சண்டையெல்லாம் வீணாய்ப் போயிற்று.

இதற்காகவா அத்தனை வருஷம் அங்கே கிடந்தாய்? தர மாட்டார்கள் என்று உனக்கு யார் சொன்னது? யாராவது சொன்னார்களா, இல்லை நீயாக நினைத்துக்கொண்டாயா? ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால், அன்றைக்கே மோர் கேட்கிற குரலில் தூக்கிக் கொடுத்திருப்பாரே! பிள்ளையும் நீயும் வண்டியேறி வந்திருப்பீர்களே! இந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிற கை நின்றுவிடுகிறது. அவரை மன்னித்தாலும் மன்னிப்பேன். உன்னை மன்னிக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நல்ல இடத்தைக் கெடுத்துக்கொண்டேனாம். ஆனால் கோமுவுக்கு மட்டும் மறக்காமல் தூதுவளைக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறாள். இருமல் குறைந்திருக்கிறது. அப்பா தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்து விடுகிறார். கோவில் வாசலில் மேல்காற்று தள்ளும்போது தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரிக்கிறாளாம். எழுத்து நன்றாக வருகிறது. ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டாள். நாமாகப் பார்த்துக் கொடுக்கும்வரை சும்மா இருப்பாள். உன் பிள்ளை அல்லவா?

அதை மட்டும் நான் விட்டுவைக்க மாட்டேன். படிப்பு வருவது அவள் பாடு, கல்யாணம் வருவது அவள் பாடு. ஆனால் வேண்டியதை வாய்விட்டுக் கேட்க நான் பழக்குவேன். இல்லை என்று சொன்னால் மறுபடியும் கேட்கப் பழக்குவேன். கேட்டுப் பார்க்காமலே தர மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூட எங்கேயும் அவள் கிடக்க மாட்டாள். இது உன்மேல் சத்தியம்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கோமுவின் சித்தி,
உலகம்மாள்