ஆறு அடி லென்ஸ்

2008 ஜனவரி 9, புதன்

காலையிலிருந்து மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அடையாள அட்டைப் படத்துக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வாசல் வரை நிற்கிறார்கள், அந்த நேரம் பார்த்து சின்னராசா தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். நல்லதண்ணியில் யாத்திரையாக மலையேறுகிறவர்களைப் படம் பிடிக்கப் போனவன் படியில் வழுக்கி, கெமரா மேலேயே உட்கார்ந்திருக்கிறான். கெமரா தப்பிவிட்டது. லென்ஸ் போச்சு. உள்ளே ஏதோ கடகடவென்கிறது, துலக்கம் பிடித்ததும் வருகிற பீப் சத்தம் வரவில்லை. பீப் வராவிட்டால் தம்பிக்குப் படம் எடுக்கவே தெரியாது.

கொழும்புக்குப் போய் வேறு வாங்கிவா என்றால் மாட்டானாம். பக்கத்து லயத்து வீட்டுப் பையன் போன மாதம் அங்கே தமிழ் ஆட்களைப் பிடிக்கிற பொலிஸ் ரவுண்டப்பில் அகப்பட்டு, வீங்கின முகத்தோடு திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்தோம். நியாயமான பயம்தான்.

இந்த ஸ்டூடியோவை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். கினிகத்தேனை வளைவில் பஸ் புரண்டு அவர் போய் இரண்டு வருடம். அதற்குப் பிறகு அவர் தம்பி சின்னராசா முதலாளி, நான் பின் அறை. அட்டைப் படமும் கொம்பியூட்டர் வேலையும் எனக்கு. கல்யாணம், சடங்கு, பால் காய்ச்சுவது என்று வெளியே போகிற எதுவும் எனக்கில்லை. தாலி அறுத்தவள் முகூர்த்த வீட்டு வாசலை மிதிக்கலாமா? அவருடைய அம்மா, என் மாமி, இதை வாய் திறந்து சொன்னதுகூட இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஜனவரி 12, சனி

அவருடைய தகரப் பெட்டியில் பழைய ஜெர்மன் லென்ஸ் ஒன்று கிடந்தது. அதற்குரிய பிலிம் கெமரா செத்து வெகுகாலம். நுவரெலியாவில் யாரோ வீடு காலி செய்தபோது அள்ளிக்கொண்டு வந்த சாமான்களில் ஒன்று. இரும்புக் கடைக்காரன்கூட வேண்டாம் என்பான்.

அதையும் உடைந்த லென்ஸையும் எடுத்துக்கொண்டு தேயிலை பாக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டர் செல்லசாமி அண்ணனிடம் போனேன். உடைந்ததன் பின்பக்கத்து வளையத்தைக் கழற்றி, அலுமினியத்தில் ஒரு மரை கடைந்து, பழையதை அதில் திருகும்படி செய்து தந்தார். பொருந்திவிட்டது. கெமராவுக்கு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியவில்லை! வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் நாமே கையால் திருகவேண்டும்.

ஒரே குறை. வளையம் மயிரளவு தடித்துவிட்டது. ஆறு அடிக்குள் இருப்பது மட்டும்தான் துலக்கமாக விழுகிறது. அதற்கு அப்பால் மலை, ரோடு, எதிர்க்கடை எல்லாம் கரைத்த மாவு. இன்னும் கொஞ்சம் சீவித் தாருங்கள் என்றேன். சீவினால் உடைந்து கெமராவுக்குள்ளேயே விழும் என்று மறுத்துவிட்டார்.

அட்டைப் படத்துக்கு ஆறு அடி தாராளம்.

ஜனவரி 13, ஞாயிறு

செல்லசாமி அண்ணனையே முதலில் எடுத்தேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அடேயப்பா, இதையா பெட்டியில் போட்டு வைத்திருந்தோம்!

ஜனவரி 21, திங்கள்

வருகிற ஞாயிறு நோட்டன் பிரிட்ஜ் ஊரில் கல்யாணம். முன்பணம் வாங்கித் தின்றும் ஆகிவிட்டது. தம்பி நாலு நாளாக அந்த லென்ஸோடு மல்லுக்கட்டுகிறான். திருகிவிட்டு, பித்தானைப் பாதி அமுக்கிவிட்டு, அப்படியே நிற்கிறான். “பீப் எப்ப அண்ணி வரும்?” என்கிறான். உன் கல்யாணத்தன்றைக்கு வரும் என்றேன். எடுத்த படம் ஒன்றிலும் ஆளுக்கு மூக்கில்லை.

எனக்கு அது கைப்பழக்கம். வெளிச்ச வளையத்தை முழுக்கத் திறந்து வைத்து, எதிரே நிற்பவரின் கண்ணைத் துலக்கமாகப் பிடிக்கவேண்டும், பிறகு பார்க்காமலே கட்டைவிரலால் இரண்டு கிளிக் மூடவேண்டும். ஆள் அசைந்தால் திருகக்கூடாது, நாமும் கூடவே ஒரு பிடி முன்னால் பின்னால் சாயவேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் வராது, எடுத்து எடுத்துத்தான் வரும்.

இன்று சாயங்காலம் தம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றான். “நீங்க வாங்க அண்ணி. அங்க நம்மள யாருக்கும் தெரியாது. ஒரு பொட்டு வச்சுக்கிட்டு, மஞ்சக் கயிறு ஒண்ணு போட்டுக்கிட்டா முடிஞ்சுது.”

மாமி அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கே போவது என்று மட்டும் கேட்டார். ஆக, பணத்துக்காகப் பொட்டு வைக்கலாம்.

ஜனவரி 27, ஞாயிறு

போனேன்.

எப்படி எழுதுவது? இரண்டு வருடம் பின் அறையின் ட்யூப் லைட்டைப் பார்த்துக் கிடந்தவள் மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த லென்ஸுக்கு ஆறு அடிக்குள் போயாகவேண்டும், வேறு வழியே இல்லை. ஐயர் ஓரம் போகச் சொன்னார், போகவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் மாப்பிள்ளை விரல் முடிச்சுத் தேடியதுகூடப் படத்தில் இருக்கிறது. குரூப் படங்களைத் தம்பி சின்னக் கெமராவில் எடுத்துக்கொண்டான்.

சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது தம்பி நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அழிக்கவேண்டுமாம். நம்ம தோட்டத்துப் பாதை வரப்போகிறதாம். சேலைத் தலைப்பால் துடைத்தேன். சிவப்பு சரியாகப் போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தேன்.

பெப்ரவரி 10, ஞாயிறு

இறம்பொடையில் கல்யாணம். பெண் பெயர் நிஷாந்தி. சிரித்த முகம், கெமராவைப் பார்த்துப் பயப்படாத பிள்ளை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, தாலித் தட்டு வரும் வரை. முதல் கல்யாணத்தில் நான் வெளிச்சத்தைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அது சுற்றிப் போய்விட்டது போல. இன்றைக்கு மாப்பிள்ளையின் அத்தை தட்டை ஒவ்வொரு கட்டுக்கழுத்தியிடமும் நீட்டி நீட்டி, தொட்டுக் கும்பிடச் சொல்லிக்கொண்டு வந்தார். மணவறைக்குப் பக்கத்தில் நிற்பவள் நான். என்னிடமும் நீட்டினார். நீயும் சுமங்கலிதானே, தொட்டுக் குடும்மா என்றார்.

என் வாயில் வந்தது இதுதான்: “கைய எடுத்தா போக்கஸ் போயிரும்மா.”

சிரித்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். ஏன் தொடவில்லை? நான் தொட்டால் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமா? ஆகாது. பஸ் புரண்டதற்கும் என் கைக்கும் என்ன சம்பந்தம்? தெரியும். ஆனாலும் கை போகவில்லையே. அப்போ நானும் மாமியும் ஒண்ணுதானா?

வாசல் நிலையோரம் வெளிர் சேலையில் ஒரு அம்மா நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. பார்த்த உடனே யாராக இருக்கும் என்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

பெப்ரவரி 19, செவ்வாய்

அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய நிஷாந்தி வந்திருந்தாள். புருஷன் டீக்கடையில் நின்றுகொண்டான். அவள் கொம்பியூட்டர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரசித்தாள். தன் முகம் இவ்வளவு அழகா என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டபோது என்ன தேடுகிறாய் என்றேன்.

அம்மாவைத் தேடுகிறாளாம்.

எங்கும் இல்லை. குரூப் படத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒரே ஒரு படத்தில், தாலி கட்டும்போது, பின்னால் வாசலோரம் ஒரு வெளிர் கறை இருக்கிறது. பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்க ஆக்கக் கறைதான் பெரிதானது. முகம் வரவில்லை.

லென்ஸ் பழசு, ஆறு அடிக்கு அப்பால் விழாது என்று விளக்கமெல்லாம் சொன்னேன். வளையம், அலுமினியம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க கிட்டப் போயிருக்கலாமேக்கா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். ஸ்டூடியோவில் நான் பொட்டில்லாமல்தான் இருப்பேன், அவள் வந்த அவசரத்தில் கவனிக்கவில்லை. நானும் உங்கம்மா மாதிரித்தான் என்றேன். அவள் என் நெற்றியையே பார்த்தாள். அப்பா செத்தது தனக்கு ஒன்பது வயதில், அப்போதிருந்து அம்மா எந்த விசேஷத்திலும் வாசலைத் தாண்டி வந்ததில்லை, தன் கல்யாணத்திலாவது வரவேண்டுமென்று எவ்வளவோ கெஞ்சியதாகவும் சொன்னாள். அம்மா பெயர் வேலாயி.

கள்ளப் பொட்டு வைத்தவள் முன்னால், பெற்றவள் பின்னால். எனக்கு அந்தம்மாவைப் பார்க்கப் பயம். அதுதான் உண்மை. லென்ஸ் பாவம், அதைச் சொல்லி என்ன.

பெப்ரவரி 20, புதன்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

இனிமேல் பொட்டு வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். வைக்காமல் கூப்பிட்டால் எந்தக் கல்யாணத்துக்கும் வருகிறேன் என்றேன். வைக்காமல் யாரண்ணி விடுவாங்க என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, உள்ளதைத்தான் சொன்னான்.

மாமிக்குத்தான் ஆத்திரம். ஊருக்குத் தெரியாமல் போய் ஆடிவிட்டு வந்தாய், இப்போது என்ன புதிதாக மானம் என்று கேட்டார். வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. எங்கே போவது? அண்ணன் வீட்டில் ஒரு காம்பரா, அந்த ஒற்றை அறையில் அவனும் அண்ணியும் பிள்ளைகளும். போனால் வாசலில்தான் படுக்கவேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

வட்டவளையில் ஒரு கல்யாணம். தம்பி சின்னக் கெமராவோடு போய், கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு வந்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புது லென்ஸ் வந்துவிட்டது. கடைக் கட்டிடத்துச் சொந்தக்காரரின் மருமகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். தம்பி கடை முழுக்க எல்லாவற்றையும் குறிபார்த்துப் பீப், பீப் என்று அடித்துக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளை கெட்டது. பழையதைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மே 18, ஞாயிறு

அட்டைப் படம். காது தெரியணும், சிரிக்கக்கூடாது, அடுத்த ஆள். அட்டைப் படம். அடுத்த ஆள். தம்பி எடுத்துவந்த கல்யாணங்களைத் திருத்துகிறேன். எந்த மாதிரி எடுக்கிறான் தெரியுமா? தூரத்தில் நின்று ஸூமில் இழுத்து எடுக்கிறான். எல்லாம் துலக்கம், ஒருத்தர் முகத்திலும் ஒன்றுமில்லை. சொன்னால் பொறாமை என்பான். பொறாமைதான்!

பேசாமல் அந்தப் பொட்டையே வைத்துக்கொண்டு போயிருக்கலாமோ? இன்று இதை நூறு தரம் யோசித்தேன். ஒரு துளி சிவப்புக்கா இவ்வளவு வீம்பு? பின் அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. இப்படியே இருந்து கிழவியாகி, இங்கேயே செத்தும் போவேன் போலிருக்கிறது.

ஜூன் 11, புதன்

வேலாயி அம்மா வந்தார். இறம்பொடையிலிருந்து, மழையில், பஸ் மாறி. நான் அவரை அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லையே. நிஷாந்தியின் அம்மா என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன்.

சின்ன மகள் பெரிய மனுஷியாகிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தம்பி காலண்டரைப் பார்த்துவிட்டுத் தான் வருவதாகச் சொன்னான். அவர் தம்பியைப் பார்க்காமல் என்னைக் கையால் காட்டினார்.

“மூத்தவ அல்பத்துல நான் இல்ல. இந்தவாட்டி எம்மக பக்கத்துலதான் நிக்கப் போறேன். இந்தப் புள்ள இருக்கிறபடியே வந்து எடுக்கட்டும்.”

தம்பி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், ஊர்ச் சனம் என்ன சொல்லும் என்பது வரை. அந்தம்மா நகரவில்லை. கடைசியில் கெமராவைத் தருகிறேன், புது லென்ஸைத் தரமாட்டேன் என்றான். எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

மாமி இன்னும் கேள்விப்படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வந்து சேர்ந்து சேலைகூட மாற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

சடங்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பிள்ளையின் மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வயசான அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறார்களே, பிள்ளை எப்படி விளங்கும் என்றார். நிஷாந்தி மட்டும் வந்து என் பையை வாங்கி வைத்தாள்.

பிள்ளையை உட்காரவைத்து நலங்கு தொடங்கினார்கள். வேலாயி அம்மா சொன்னபடியே பக்கத்தில் நின்றார். கடைசியில் அவரே சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தள்ளி நில்லு வேலாயி என்று ஒரு குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“எம்புள்ளைக்கு நான் வைக்கிறேன்.”

நாலைந்து பேர் எழுந்து வெளியே போனார்கள். கண் கலங்கி, கெமராவுக்குள் எல்லாம் மங்கலாகிவிட்டது. லென்ஸா கண்ணா என்றே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு இன்னும் ஓர் அடி கிட்டப் போனேன். அவர் விரல் பிள்ளையின் கன்னத்தைத் தொட்ட இடத்தைப் பிடித்தேன். பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எடுத்தேன். படம் துலக்கமாக விழுந்ததா இல்லையா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை, பஸ் நுவரெலியாவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

விழுந்திருக்கிறது.

நான் வருவதற்குள் செய்தி இங்கே வந்துவிட்டது. மாமி என் தட்டையும் கோப்பையையும் தனியாக எடுத்து மூலையில் வைத்திருந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

தம்பி அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் வெகுநேரம் பார்த்தான். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடை வாசல் கண்ணாடிக்குள் வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான், ஆட்கள் பயந்து வராமல் போய்விடுவார்களாம். நிஷாந்திக்கு மட்டும் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

மாமி இன்னும் பேசவில்லை. ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு.

மத்தியானம் நல்லதண்ணியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மலைக்குப் போகிற வழியில் கடை போடுகிறவராம். தம்பி எழுந்து என்ன வேண்டும் என்று கேட்டான். அவர் கடைக்குள் சுற்றிப் பார்த்து, என் நெற்றியைக் கண்டதும் நேரே என் மேசைக்கு வந்தார். ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். புருஷன் இல்லை. இறம்பொடையில் ஒரு வீட்டில் அந்தச் சந்தனப் படத்தைப் பார்த்தாராம்.

தம்பி என்னைப் பார்த்தான். தேதி என்னம்மா என்று கேட்டேன். சொன்னார். பிறகு பேசிவிட வேண்டியதைப் பேசிவிட்டேன்.

“நான் கிட்ட வந்துதான் எடுப்பேன். உங்க வீட்டுல ஆளுங்க ஏதாவது சொல்லுவாங்க.”

“வா. அந்தக் கிட்டத்துல, எம்மகன் பக்கத்துல, நானும் நிக்கணும்னுதானே வந்தேன்” என்றார்.

தம்பி பேனாவை எடுத்துக் காலண்டரில் அந்தத் தேதியில் என் பெயரை எழுதினான்.